திட்டத்தை மாற்றுவது யார், காசை வாங்குவது யார்? மட்டக்களப்பு உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கோப்பில் இருந்து தொடங்குகிறேன். உள்ளூராட்சி மன்றமொன்றின் வேலைகள் பகுதியில் நான் இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த கோப்பு அது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமாக உள்ள எழுவான்கரையில் ஒரு சிறிய கல்வீடு. பிளான் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டது. முன்பக்கம் ஒரு கடையறை போட வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா திருத்திய பிளானோடு வந்திருந்தார். சபையில் பரிசோதனைக் கட்டணம் கட்டினார். எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் போய் அளந்தார். கோப்பு மேல் அலுவலகம் ஒன்றுக்குப் போனது. அங்கேயும் பரிசோதனைக் கட்டணம். அவர்களுடைய ஆளும் வந்து அதே சுவரை அளந்தார். நாலு மாதம் கழித்துத்தான், காணி கரையோர வலயத்துக்குள் வருகிறது, அந்த அனுமதியை முதலில் எடுத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அது மூன்றாவது கட்டணம்.

கடைசியாக வந்த நாள் அவர் மூன்று ரசீதையும் மேசையில் வரிசையாக வைத்தார். “தம்பி, ஒரே செவர ரெண்டு தரம் அளந்ததுக்கு ரெண்டு தரம் காசு கட்டியிருக்கன். இத முதலே சொல்ல ஒரு ஆள் இல்லையா?”

யாரும் அவரிடம் கைக்காசு வாங்கவில்லை. மூன்றும் சரியான ரசீதுகள். தன் கட்டணத்தைக் கேட்க ஒவ்வொரு அலுவலகத்திடமும் ஒரு தாள் இருந்தது. எந்த வேலையை யார் செய்வது, அதற்குரிய காசு யாருக்கு என்று எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட தாள்தான் இல்லை. அந்தத் தாளை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். 2025 மே 6 தேர்தலில் வந்த உறுப்பினர்களுக்காகவும், சபைச் செயலாளர்களுக்காகவும், கவுண்டரில் நிற்கிற மக்களுக்காகவும் எழுதுகிறேன். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பின், இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவான உறுப்பினர்கள் இல்லாமலே நிர்வாகம் நடந்தது. அந்த இடைவெளியில் பல வழமைகள் எழுத்தில் இல்லாமல் ஆள்மாறி ஆள் கைக்கு வந்திருக்கின்றன. இப்போது எழுதாவிட்டால் பிறகு எழுத ஆளிருக்காது.

முதலில்: மேல்மட்டம் என்பது யார்?

நம் பக்கத்தில் மேல்மட்டம் ஒன்றல்ல, இரண்டு. இதைக் குழப்பிக்கொண்டால் மீதி எல்லாம் குழம்பும்.

ஒன்று மாகாணம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மாகாண சபைப் பட்டியலில் உள்ளூராட்சி இருக்கிறது. ஆனால் மன்றங்களின் அமைப்பைத் தீர்மானிப்பது நாடாளுமன்றச் சட்டம். மேற்பார்வைதான் மாகாணத்துக்கு. இருக்கிற சட்டங்கள் மன்றங்களுக்குத் தந்த அதிகாரத்தை மாகாணம் கூட்டலாம், குறைக்க முடியாது. இந்த ஒரு வரியை ஒவ்வொரு உறுப்பினரும் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே மாகாண அமைச்சர் செய்யவேண்டியவை ஆளுநரிடம் போகின்றன. அன்றாடத்தில் நீங்கள் காண்பது உள்ளூராட்சி உதவி ஆணையாளரை.

மற்றது நகர அபிவிருத்தி அதிகார சபை. யூ.டீ.ஏ. என்றால்தான் நம் சனத்துக்குத் தெரியும். இது மாகாணத்துக்குரியதல்ல, மத்திய அரசினது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. திட்டமிடல் நடைமுறையைச் சொல்லும் பகுதி 1982இன் 4ஆம் இலக்கத் திருத்தத்தோடு சேர்ந்தது. எந்த இடம் குடியிருப்பு, எந்த இடம் வணிகம் என்று பிரிக்கிற வலயத் திட்டத்தை மாற்றுகிற பேனா இந்த அலுவலகத்தின் பக்கம்தான் இருக்கிறது.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. அந்தச் சட்டத்தின் 23(5) பிரிவின்படி யூ.டீ.ஏ. தன் திட்டமிடல் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றத்தின் உத்தியோகத்தருக்குக் கையளிக்கலாம். கையளிக்கப்படுவது உத்தியோகத்தருக்கு, சபைக்கு அல்ல. அவர் அதை யூ.டீ.ஏ.யின் பணிப்புக்கும் மேற்பார்வைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டே பயன்படுத்த வேண்டும். அதிகாரம் நமக்குச் சொந்தமாக வரவில்லை, இரவலாக வந்திருக்கிறது. இரவல் பொருளுக்கு எழுத்து முக்கியம். உங்கள் சபையில் அந்தக் கையளிப்புக் கடிதம் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று இன்றே கேளுங்கள்.

படி 1: காணி எந்தச் சட்டத்துக்குள் நிற்கிறது?

மட்டக்களப்பில் இந்தக் கேள்விக்கு வாவியே பாதி விடை சொல்லும்.

எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். கல்லடியில் இருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு வரை போய்ப் பாருங்கள். பல காணிகளுக்கு ஒரே நேரத்தில் மூன்று சட்டம் பொருந்தும். யூ.டீ.ஏ. பிரகடனம் செய்த பகுதியா என்பது முதல் கேள்வி. இதை வர்த்தமானியை வைத்துக் கிராம சேவகர் பிரிவு வாரியாகப் பாருங்கள். ‘எங்கட சபை முழுக்க யூ.டீ.ஏ.தான்’ என்ற வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். உயர்நீர் மட்டத்தில் இருந்து கரைப்பக்கம் 300 மீற்றருக்குள் வருகிறதா என்பது இரண்டாவது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நிற்கிறது. வாவி கடலோடு திறந்து மூடுவதால் முகத்துவாரத்தை அண்டிய வாவிக்கரைக் காணிகளையும் தனியாகப் பார்க்க வேண்டும். சுனாமிக்குப் பின் வடக்குக் கிழக்கில் சொல்லப்பட்ட 200 மீற்றர் தடை பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பலர் இன்னும் மயங்குகிறார்கள். மூன்றாவது, காணி ஏ4 வீதியோரமா என்பது. அப்படியானால் வீதியில் இருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற கட்டடக்கோடு பற்றி வீதி அபிவிருத்தி அதிகார சபையைக் கேட்டேயாக வேண்டும். மாகாண வீதி என்றால் மாகாண வீதித் திணைக்களம். ஊர் ஒழுங்கை என்றால் சபையே போதும்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வேறு உலகம். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கம் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி அதிகம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியைத் துண்டாக்கவோ பயன்பாட்டை மாற்றவோ பிரதேச செயலாளரின் சம்மதம் முன்னுக்கு வேண்டும். வயலை நிரப்புவதென்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் முடியாது. அது கிடைக்குமுன் சபை கட்டணம் வாங்கினால், நடக்காத வேலைக்குக் காசு வாங்கிய மாதிரி.

யூ.டீ.ஏ. பிரகடனம் இல்லாத இடங்களில் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. கட்டுவதற்கு மட்டுமல்ல, கட்டியதை மாற்றுவதற்கும் மன்றத் தலைவரின் அங்கீகாரம் வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

இவ்வளவையும் கேட்கும் ஒரு பக்கத் தாளைக் கவுண்டரில் வையுங்கள். விண்ணப்பத்தை வாங்குகிறவர் அதை நிரப்பிய பிறகே காசாளரிடம் அனுப்ப வேண்டும். அந்த அம்மாவின் நாலு மாதத்தைக் காப்பாற்ற இந்த ஒரு தாள் போதுமாக இருந்தது.

படி 2: மாற்றம் எந்த வகை?

‘பிளான் மாத்தணும்’ என்று வருகிற எல்லோரும் ஒன்றைக் கேட்பதில்லை.

அங்கீகரித்த கட்டடப் பிளானில் திருத்தம் மிகச் சாதாரணமானது. சபை மட்டத்துத் திட்டமிடற் குழுவில் முடியும். அனுமதி ஒரு வருடத்துக்கே செல்லுபடியாகும், நீடிப்புக் கேட்கலாம் என்பதை விண்ணப்பகாரருக்குச் சொல்லிவிடுங்கள். காலாவதியான அனுமதியைத் திருத்த முடியாது.

காணித் துண்டாக்கல் வரைபடத்தில் மாற்றம் அடுத்தது. காத்தான்குடி போல நெருக்கமான ஊர்களில் மகளுக்குச் சீதனமாகப் பிரிப்பதுதான் பாதிக் கோப்பு. யூ.டீ.ஏ. பகுதியில் வழமையான மிகக் குறைந்த துண்டு 150 சதுர மீற்றர், ஏறக்குறைய 6 பேர்ச். அதற்குக் கீழே போகிற விண்ணப்பத்தைக் காசு வாங்குமுன்னே பிடித்து, மேலே கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பயன்பாட்டு மாற்றம். வீடு கடையாவது, கடை களஞ்சியமாவது, வளவு மண்டபமாவது. இங்கேதான் அயலவரின் சத்தம் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை வேண்டும். சிறு தொழில் என்றால் சுற்றாடல் உரிமம் சபையிடமே வரலாம்.

நான்காவது வகைதான் தலையிடி. வலயத் திட்டத்தையே மாற்றக் கேட்பது. குடியிருப்பு என்று வரைந்த இடத்தை வணிகம் என்று மாற்றுவதைச் சபை செய்ய முடியாது. தவிசாளரோ மேயரோ கையெழுத்து வைத்தாலும் முடியாது. அதை யூ.டீ.ஏ. தயாரித்து, பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துக் கேட்டு, அமைச்சர் அங்கீகரித்து, வர்த்தமானியில் வரவேண்டும். சபையின் வேலை பரிந்துரைப்பதும் தன் மக்களின் ஆட்சேபனையைத் திரட்டி அனுப்புவதும்தான். இந்த வகைக்கு வந்தவரிடம் சபை ‘மாற்றக் கட்டணம்’ என்ற பெயரில் ஒரு ரூபாவும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு. கொடுக்க முடியாததற்கு விலை சொல்லக் கூடாது.

படி 3: கடமையைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

‘திட்டமிடல் சபையுடையது, மேற்பார்வை யூ.டீ.ஏ.யுடையது’ என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். ஒரு கோப்பு பிறந்து முடியும் வரை எத்தனை கைபடுகிறது என்று உட்கார்ந்து எண்ணுங்கள். விண்ணப்பம் ஏற்றல், உறுதியும் நில அளவைப் படமும் சரிபார்த்தல், இடம் பார்த்தல், மற்றத் திணைக்களங்களுக்கு அனுப்புதல், அயலவருக்கு அறிவித்தல், குழுவில் முடிவெடுத்தல், அனுமதி வழங்கல், கட்டும்போது பார்த்தல், கடைசியில், அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பதவிப்பெயர் வரவேண்டும். இரண்டு பெயர் வந்தால் அந்த இடத்தில்தான் கோப்பு தூங்கும்.

இடம் பார்த்தல் பற்றி ஒரு சொல். ஒரு கோப்புக்கு ஒரு களப் பயணம், ஒரு அறிக்கை என்று வையுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் யூ.டீ.ஏ. உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கிழமையில் ஒரு குறித்த நாளில் சேர்ந்து போகட்டும். வர முடியாதவர் மற்றவரின் அளவையும் படத்தையும் ஏற்க வேண்டும். சந்தேகம் வந்து அவரே மறுபடி போக விரும்பினால் போகலாம், ஆனால் அந்தப் பயணத்துக்கு விண்ணப்பகாரர் காசு கட்டக் கூடாது. முன்பின் அளவு, வீதி நடுவில் இருந்து சுவர் வரை உள்ள தூரம், கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடைவெளி, வாவியோ கடலோ எவ்வளவு தூரம் என்பவற்றோடு நாலு பக்கப் படமும் அறிக்கையில் இருந்தால், மேலே இருப்பவருக்கு மறுபடி வரக் காரணம் குறையும். நம் மணல் நிலத்தில் கிணறும் குழியும் கிட்டக்கிட்ட இருப்பதால் அந்த ஓர் அளவு இல்லாமல்தான் பல அறிக்கைகள் திரும்பி வருகின்றன.

படி 4: கட்டணத்தை வேலையோடு கட்டுங்கள்

முதல் விதி, சட்ட அடி இல்லாத கட்டணம் வேண்டாம். யூ.டீ.ஏ. பகுதியில் தொகைகள் அந்தச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளில் இருந்து வருகின்றன. 2021 ஜூலையில் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்ததால் பழைய 1986 விதிகளின் அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள். அந்தத் தொகையைச் சபை கூட்டவோ குறைக்கவோ முடியாது. பிரகடனம் இல்லாத பகுதியில் சபை தன் கட்டணத்தை விதிக்கலாம். அதற்கு உபவிதி வேண்டும். சபை நிறைவேற்றி, மாகாண மட்டத்தில் உறுதிப்படுத்தி, வர்த்தமானியில் வந்தால்தான் அது உபவிதி. கூட்டறிக்கையில் ஒரு தீர்மானம் மட்டும் இருந்தால் கணக்காய்வாளர் வினா எழுப்புவார். அது நியாயமான வினா.

இரண்டாவது விதி, கட்டணம் செலவை மிஞ்சக் கூடாது. எப்படிக் கணக்கிடுவது? உதாரணத்துக்கு ஒரு பயன்பாட்டு மாற்றக் கோப்புக்கு மொத்தச் செலவு 10,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அரை நாள் களத்தில், அரை நாள் மேசையில். எழுதுநருக்கு ஒரு மணித்தியாலம். மோட்டார் சைக்கிள் எரிபொருள். அயலவருக்குப் பதிவுத் தபால். இவ்வளவும் 7,000 வருகிறது. மேல் அலுவலகம் வரைபடத்தை ஒப்பிட்டுக் குழுவில் உட்காருவதற்கு 3,000. அப்படியானால் பங்கு 70க்கு 30. பாதிக்குப் பாதி என்று பெருந்தன்மையாகப் பிரித்தால் களத்தில் வேலை செய்கிற சபை நட்டப்படும், அடுத்த வருடம் ‘ஆவணக் கட்டணம்’, ‘படிவக் கட்டணம்’ என்று புதுப் பெயர்களில் அதை மக்களிடமே வாங்கும். ஒழுங்குவிதி தொகையை ஏற்கெனவே பிரித்துச் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு பங்கை மாற்றாது. ஆனால் அடுத்த திருத்தத்துக்கு என்ன கேட்க வேண்டும் என்பதை இது காட்டும்.

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் இதே சிக்கலை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பார்ப்பது பயன். பிராம்டன், மார்க்கம், ஏஜாக்ஸ் எல்லாம் நம் உறவுகள் வீடு வாங்கிய ஊர்கள்தானே. அங்கே பீல், யோர்க், டர்ஹம் என்ற மேல்மட்டப் பிராந்தியங்களும் கீழ்மட்ட நகராட்சிகளும் திட்டமிடலைப் பங்கிட்டு வந்தன. 2022இல் வந்த ஒரு சட்டத்தால் 2024 ஜூலை 1 முதல் பீல், யோர்க், ஹால்டன் பிராந்தியங்கள் அந்தப் பொறுப்பை இழந்தன. 2025 ஜனவரி 1 முதல் டர்ஹமும் வாட்டர்லூவும். ஆனால் அந்த மாற்றத்தின்போது பெரிய குடிநீர், கழிவுநீர்க் குழாய்களும் பிராந்திய வீதிகளும் பிராந்தியத்தின் கையிலேயே விடப்பட்டன. அதனால் அந்தப் பகுதியை யார் பார்ப்பது என்ற கேள்வி அங்கேயும் உடனே தீரவில்லை. நான் அங்கிருந்து எடுக்க விரும்புவது ஒன்று. அந்த மாகாணத் திட்டமிடல் சட்டத்தின் 69ஆம் பிரிவு, விண்ணப்பத்தைப் பார்க்க எதிர்பார்க்கும் செலவை ஈடுசெய்யும் அளவுக்கே கட்டணம் இருக்கவேண்டும் என்கிறது. கூட வாங்கினதாக நினைப்பவர் ஆட்சேபனையோடு கட்டிவிட்டு 30 நாளுக்குள் நியாயசபைக்கு முறையிடலாம். நம் உபவிதியிலும் ‘ஆட்சேபனையோடு கட்டினேன்’ என்று ரசீதில் எழுத ஒரு இடம் வைக்க எந்தத் தடையும் இல்லை.

படி 5: ஒரு கவுண்டர், ஒரு ரசீது

விண்ணப்பகாரர் ஒரே இடத்தில் கட்டட்டும். ரசீதில் எது சபைக்கு, எது மேல் அலுவலகத்துக்கு என்று வரி வரியாகத் தெரியட்டும். மற்ற அலுவலகத்தின் பங்கு சபையின் வருமானமல்ல. அதைத் தனிக் கணக்கில் வைப்பாக எழுதி, மாதம் முடிந்ததும் அனுப்ப வேண்டும்.

மாதம் என்று நாள் குறிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். காணிக் கைமாற்றத்தின் முத்திரைத் தீர்வை மாகாணத்தால் சேர்க்கப்பட்டு, காணி இருக்கும் மன்றத்துக்கு வருகிறது. அந்தக் காசு எப்போது வரும் என்று பார்த்திருந்து வடிகான் வேலையைத் தள்ளிப்போட்ட சபைகளை நான் கண்டிருக்கிறேன். இங்கே சேர்ப்பவர் நாம். பிந்தினால் பிழை நம்முடையது.

விண்ணப்பம் மீளப் பெறப்பட்டால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு திருப்புவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். களத்துக்குப் போகவில்லை என்றால் களக் கட்டணம் முழுதாகத் திரும்ப வேண்டும்.

படி 6: கையெழுத்து

தாள் தயாரானதும் அது மூன்று இடம் போகிறது. சபைக் கூட்டத்தில் தீர்மானமாக, யூ.டீ.ஏ. மாவட்ட அலுவலகத்தில் ஒப்புதலாக, உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் பிரதியாக. கட்டணத் தொகை சம்பந்தப்பட்ட பகுதி உபவிதியாக வர்த்தமானிக்குப் போகும். வேலைப் பங்கீட்டுக்கு வர்த்தமானி தேவையில்லை, கடிதம் போதும். ஆகவே இரண்டையும் ஒரே ஆவணத்தில் போட்டுக் கட்டணத்துக்காக வேலைப் பங்கீட்டையும் காத்திருக்க வைக்காதீர்கள். வேலைப் பங்கீட்டை அடுத்த மாதமே தொடங்கலாம்.

கவுண்டருக்கு வருகிறவர்களுக்கு

காசு கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். என் விண்ணப்பத்தில் முடிவு எடுப்பது யார்? இந்தக் கட்டணம் எந்த வேலைக்கு? இதே வேலைக்கு வேறெங்காவது கட்ட வேண்டி வருமா? வாய்மூலம் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுதிக் கேளுங்கள். கையளிப்புக் கடிதத்தின் பிரதி, நடைமுறையில் உள்ள கட்டண அட்டவணை, அதற்குரிய வர்த்தமானி இலக்கம், இந்த மூன்றும் போதும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததும் திகதி போட்ட ஏற்புத்துண்டைக் கையில் வாங்காமல் வீடு திரும்ப வேண்டாம். ரசீதுகளைப் போட்டோகொப்பி எடுத்து உறுதியோடு சேர்த்து வையுங்கள். இணக்கச் சான்றிதழ் எடுக்கப் போகும் நாளில் அவற்றை மறுபடி கேட்பார்கள்.